அறுபதாயிரம் குஞ்சுகள்

தான் வேலை பார்த்த விமானக் கம்பெனி மூடப்பட்ட செய்தி அவளுக்கு ஓடுதளத்தின் ஓரத்தில் வைத்துத்தான் தெரிந்தது. நூற்றெழுபது பயணிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டு, என்ஜின்களை அணைத்துவிட்டு, குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். விமான நிலைய மேலாளர் படியேறி வந்து காக்பிட் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். அடுத்த ஃபிளைட் இல்லை என்றார். எவ்வளவு தாமதம் என்று கேட்டாள்.

"தாமதம் இல்ல கேப்டன். இனிமே எந்த ஃபிளைட்டும் இல்ல."

கீழே இறங்கிப் பார்த்தபோது சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கடன் பாக்கிக்கு விமானத்தை ஜப்தி செய்த கோர்ட் உத்தரவை முன்சக்கரக் காலில் ஒட்டியிருந்தார்கள். பதினேழு வருட வேலை, அதில் ஒன்பது வருடம் கேப்டன். ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பசை தடவுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துபோனது. ஊழியர்களை ஏற்றிப்போகும் வண்டியும் வரவில்லை. தோளில் நான்கு தங்கப் பட்டைகளோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பெரியவர் ஒருவர் அவளைக் கண்டக்டர் என்று நினைத்து சில்லறையை நீட்டி டிக்கெட் கேட்டார். இதை வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

கணவர் பல் டாக்டர். வீட்டுக்குக் கீழேயே அவருடைய கிளினிக். மாடியில் இருப்பவள் பறக்கிறாள், கீழே இருப்பவர் பிடுங்குகிறார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. இப்போது மாடியில் இருப்பவளும் தரைக்கு வந்துவிட்டாள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று மாமியார் அவள் காதுபடவே சொல்லிவந்தார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் படுத்துக் கிடக்கும் யானைக்கல்லவா அதன் கனம் தெரியும்!

மூன்று வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். தன் காலடியில் இன்னொரு பிரேக் இருந்த சின்னக் கார். கிளட்சை மிதிக்கத் தெரியாதவர்களும், இண்டிகேட்டரைப் போடச் சொன்னால் வைப்பரைப் போடுகிறவர்களும் அவளிடம்தான் பழகிப் போனார்கள். வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு பொருளாகத் தொட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவள் சட்டம். "டீச்சரம்மா, நாம மார்க்கெட் வரைக்கும்தானே போறோம்" என்று ஒரு மளிகைக்கடைக்காரர் பரிதாபமாகக் கேட்டார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊருக்குப் போய், சிமுலேட்டர் எனப்படும் பொய் விமானத்தில் உட்கார்ந்து ஓட்டித் தேறி, லைசென்ஸை மட்டும் சாகவிடாமல் வைத்திருந்தாள். எழுதிப்போட்ட விண்ணப்பங்களுக்குக் கணக்கில்லை. மூன்றாம் வருடக் கடைசியில் ஒரு சரக்கு விமானக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. துணை விமானி வேலை. நான்கு பட்டை மூன்றாகிவிடும். கேப்டனுக்குரிய இடது சீட்டை விட்டு வலது சீட்டுக்குப் போக வேண்டும்.

என்ன செய்யட்டும் என்று கணவரைக் கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"எனக்கெல்லாம் நாற்காலி பக்கம் மாறினா பல்லே பிடுங்க வராது. உனக்கு எப்படின்னு நீதான் சொல்லணும்."

அவள் போனாள்.

முதல் மாதத்து வேலைப் பட்டியல் கைக்கு வந்ததும் அதை இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் கேப்டனாகப் போடப்பட்டிருந்தவன், பழைய கம்பெனியில் அவளுக்குக் கீழே துணை விமானியாக இருந்தவன். கேள்விக்குறி என்று எல்லோரும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பான். எட்டு வருடத்துக்கு முன் அவனுடைய கேப்டன் தேர்வுக்கு அவள்தான் தேர்வாளர். 'தானாக முடிவெடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்' என்று எழுதி ஃபெயில் போட்டாள். மனமுடைந்து கம்பெனியை விட்டே போனான். அப்படிப் போனதால் பிழைத்தான். அவன் இங்கே கேப்டன் ஆனான். அவளுக்கு முன்சக்கரத்தில் காகிதம் ஒட்டினார்கள்.

விமானத்தின் படியடியில் சந்தித்தார்கள்.

"வாங்க மேடம்" என்றான், பழைய பழக்கத்தில்.

"வணக்கம் கேப்டன்" என்றாள்.

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பார்க்காமல் படியேறினார்கள்.

அன்றைய சரக்கு கோழிக்குஞ்சுகள். அன்று காலையில்தான் முட்டையை உடைத்து வெளியே வந்த அறுபதாயிரம் குஞ்சுகள், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில், தரையிலிருந்து கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு கூடவே வரும் பண்ணைக்காரர் ஒல்லியான மனிதர், கழுத்தில் வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தார். தீனி, தண்ணீர் எல்லாம் எங்கே என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். முட்டைக்குள் இருந்த மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. இரண்டு நாளைக்கு அந்தக் கட்டுச்சோறு போதும். காற்று மட்டும் வேண்டும்.

"ஒவ்வொண்ணும் ஒரு குட்டி அடுப்பு மேடம். அறுபதாயிரம் அடுப்பு. காத்து நின்னா, ஒண்ணை ஒண்ணு வேகவச்சிரும்."

அவள் பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். ஆயிரம் சாவிக்கொத்துகளை ஒரே நேரத்தில் குலுக்கியது போல் ஒரு சத்தம் நாலா பக்கமும் எழுந்துகொண்டிருந்தது. பதினேழு வருடம் மனிதர்களைச் சுமந்திருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் புகார் சொன்னார்கள். பிறந்து ஒரு பகல்கூட ஆகாத உயிர்கள் இப்படி வரிசையாக வானத்துக்குப் போகக் காத்திருப்பதை அவள் பார்த்ததில்லை.

கிழக்கே இடிமேகம் திரண்டுகொண்டிருந்தது. புறப்பட அனுமதி கிடைக்காமல், காற்றோட்டத்துக்காகப் பெரிய கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அனுமதி கிடைத்தபோது சூரியன் மறைந்துவிட்டது. நீங்களே ஓட்டுங்கள் என்று அவன் சொன்னான். அவள் சீட்டை முன்னே இழுத்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு நிஜமான ஓடுதளம், நிஜமான கனம். மூக்கைத் தூக்கியபோது சக்கரங்கள் தரையை விட்ட அந்த நொடியை முதுகெலும்பால் உணர்ந்தாள்.

மேற்கு நோக்கி ஏறினார்கள். கீழே ஊரில் விளக்கு போட்டுவிட்டார்கள். பத்தாயிரம் அடியில் வானம் சாம்பல் நிறம். இருபதாயிரத்தில் அடிவானத்தில் செம்பு நிறத்தில் ஒரு கோடு. அது மெல்லத் தடித்தது. முப்பதாயிரத்தைத் தாண்டும்போது, மறைந்துபோன சூரியன் மேற்கிலேயே, போன வழியிலேயே, விளிம்பு விளிம்பாக மேலே வந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். உயரே போனால் அடிவானம் தாழும். மேற்கே போனால் சூரியனைத் துரத்துகிறோம். அவ்வளவுதான். முன்பும் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் பயணிகளுக்கு அறிவிப்பு செய்வதிலேயே நேரம் போய்விடும். இப்போது எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே அந்தி முடிந்த ஒரு பூமி. மேலே இப்போதுதான் கழுவி வைத்தது போல் ஒரு சூரியன். கதவுக்குப் பின்னால் அன்றைக்குப் பிறந்த அறுபதாயிரம் குரல்கள். அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். கேள்விக்குறிக்கே கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

எச்சரிக்கை மணி அடித்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. விமானத்துக்குள் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் யந்திரங்கள் இரண்டு. அதில் ஒன்று நின்றுவிட்டது. அவன் புத்தகத்தை எடுத்து வரிசையாகப் படித்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தான். உயிர் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் பின்னாலிருந்து பண்ணைக்காரர் போனில் பேசினார். வெப்பம் இருபத்துநாலிலிருந்து இருபத்தேழாகிவிட்டது, ஏறிக்கொண்டிருக்கிறது என்றார்.

புறப்பட்ட ஊரை இடிமழை மூடிவிட்டது. போக வேண்டிய ஊர் ஒன்றரை மணி நேரத்தில். இடையில் ஒரு சின்ன விமான நிலையம் இருபத்தைந்து நிமிடத்தில்.

"மேடம், நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"

அவளுக்கு ஒரு கணம் பழைய எரிச்சல் தலைதூக்கியது. கேப்டன் அவன்தானே?

"பக்கத்துல இருக்கிறதுல இறங்கிடுவேன்" என்றாள். பதினேழு வருடமும் சரியாக இருந்த பதில் அது.

அவன் தலையாட்டினான். ஆனால் விமானத்தைத் திருப்பச் சொல்லவில்லை. போனை எடுத்துப் பண்ணைக்காரரிடம் கேட்டான்: "இருபத்தஞ்சு நிமிஷத்துல இறங்கிடலாம். ஆனா சின்ன இடம், ராத்திரிக்கு ஆள் இருக்காது, பெட்டி இறக்குற லிஃப்ட் இருக்கான்னே தெரியாது. உங்களுக்கு எது பயம்?"

பண்ணைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இறங்கிராதீங்க சார். பறக்கும்போது பாதிக் காத்தாவது வருது. தரையில என்ஜினை அணைச்சா அதுவும் நின்னுரும். அரை மணி நேரம் கதவு திறக்கலேன்னா நாம பொணத்தைத்தான் இறக்கணும். குளிர்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தாங்கிக்கும். சூடுதான் ஆகாது."

அவளுக்குச் சுரீர் என்றது. அவள் மட்டும் கேப்டனாக இருந்திருந்தால், யாரையும் கேட்காமல், தயங்காமல், கம்பீரமாக அத்தனை உயிரையும் தரையிறக்கிக் கொன்றிருப்பாள்.

ஒரே யந்திரத்தோடு அவ்வளவு உயரத்தில் இருக்கக் கூடாது என்பது விதி; கீழே இறங்க வேண்டும். இறங்கினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அவள் கணக்குப் போட்டாள். மூன்று முறை போட்டாள். போதும், மிச்சமும் இருந்தது. மிச்சமிருந்த யந்திரத்தைக் கடைக்கோடிக் குளிருக்குத் திருப்பினான் அவன். அந்தக் குளிர் காக்பிட்டுக்கும் சேர்ந்தே வரும், வேறு வழியில்லை. இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். அதன்மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டார்கள்.

விமானம் இறங்க இறங்க, எழுந்த சூரியன் மறுபடி அடிவானத்தைத் தொட்டது. ஒரே சாயங்காலத்தில் இரண்டாவது முறையாக அஸ்தமித்தது. பல் கிடுகிடுக்க இருவரும் அதைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து எண்கள் வந்தபடி இருந்தன. இருபத்தொன்பது. இருபத்தொன்பது. வெகுநேரம் கழித்து, இருபத்தெட்டு. பிறகு இருபத்தாறு.

அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அன்னைக்கு உங்களைப் பத்தி எழுதினது தப்பு கேப்டன்."

அவன் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு யோசித்தான்.

"பாதி தப்பு மேடம். அன்னைக்கு நான் தெரிஞ்சுக்கறதுக்காகக் கேக்கல, பயத்துல கேட்டேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா அதை எழுதாம, கேட்டதே குத்தம்னு எழுதிட்டீங்க. ஒரு வருஷம் நான் யார்கிட்டயும் வாயே திறக்கல."

மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் தரையிலிருந்து ரேடியோவில் அழைத்தார்கள், உயரம் சொன்னார்கள், வேலை வந்துவிட்டது.

கைவிரல் மரத்துப்போயிருந்தது. பக்கக் காற்றும் அடித்தது. அவள் இறக்கியது அவ்வளவு அழகான இறக்கம் அல்ல. சக்கரங்கள் ஒருமுறை துள்ளின. பின்னால் அறுபதாயிரம் பேரும் சேர்ந்து ஆட்சேபித்தார்கள். அவன் சத்தமாகச் சிரித்தான். விமானம் நிற்குமுன்பே கதவடிக்கு லிஃப்ட் வந்துவிட்டது. இதையும் அவன் வழியிலேயே தரையில் இருந்தவர்களிடம் ரேடியோவில் கேட்டு வைத்திருந்தான்.

பண்ணைக்காரர் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். எழுபது சொச்சம் போயிருக்கும், நல்ல நாளிலேயே அவ்வளவு போகும் என்றார். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சற்றுக் கழித்து எழுந்து ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விடுங்கள் என்று அவளிடம் சொன்னார்.

விட்டாள். இன்னும் விறைப்பு விடாத விரல்களின் மேல் மஞ்சள் பஞ்சு வந்து மோதியது. சூடு. உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒன்று அவள் கட்டைவிரலில் ஏறி நின்றது. அதன் நெஞ்சு துடிப்பது அவள் எலும்பு வரை கேட்டது. இது காலையில் ஓட்டுக்குள் இருந்தது. ஆறு மைல் உயரத்துக்குப் போய், ஒரே நாளில் இரண்டு அஸ்தமனத்தைக் கடந்து, எதையும் பார்க்காமல், எதுவும் தெரியாமல், பசிகூட எடுக்காமல் வந்து நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்ததற்கு அதனிடம் இருந்த மூலதனம் வயிற்றில் ஒரு துளி மஞ்சள் கரு.

அவள் கையை எடுக்க மனமில்லாமல் நின்றாள். பின்னால் வந்து நின்ற கேப்டனும் கோட்டின் கையைச் சுருட்டிவிட்டு, அடுத்த பெட்டிக்குள் கையை விட்டான். லாரிக்காரர்கள் அவசரப்படுத்தும் வரை இருவரும் கையை எடுக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அவளுக்கு நான்காவது பட்டை திரும்பக் கிடைத்தது. தேர்வாளர் வேறு யாரோ. அவளுடைய தாளில், 'முடிவெடுக்குமுன் எல்லோரையும் கேட்கிறார். சில சமயம் சரக்கோடு வருபவரையும்' என்று எழுதியிருந்தார். அது பாராட்டா குறையா என்று கணவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. மறுநாள் காலை டிராக்டர் உதிரிபாகங்களை ஏற்றிக்கொண்டு, இடது சீட்டில் உட்கார்ந்து, மழைக்குள் புறப்பட்டுப் போனாள்.