மூன்றில் ஒரு பங்கு நிழல்

தையல்காரியின் வாசலில் நின்ற மாமரம் தன் நிழலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவளுக்குப் போட்டது. மீதி இரண்டு பங்கும் பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்தில், அவளுடைய தம்பிகள் இருவர் வீட்டு முற்றங்களிலும் சமமாக விழுந்தது. அங்கே மரமே கிடையாது, ஆனாலும் மத்தியானமானால் இலைநிழல் ஆடும். தெருக்காரர்கள் முதல் வாரம் கூடி நின்று பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எல்லாம் ஒரு எழுத்தால் வந்த வினை. அப்பா சாகும்போது வாயில் பல் இல்லை. மூன்று பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். "பிரியாதீங்க" என்று தையல்காரி காதில் விழுந்தது. "பிரிக்காதீங்க" என்று தம்பிகள் காதில் விழுந்தது. கடைசி வரைக்கும் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளி, அவர் முனகலுக்கெல்லாம் அர்த்தம் தெரிந்து வைத்திருந்தவள் அவள்தான். இருந்தும் எண்ணிக்கையில் தம்பிகள் ஜெயித்தார்கள். நிலமும் வீடும் பொதுவிலேயே நின்றன.

ஒரு மழையில் அவள் குடியிருந்த அந்த வீட்டுச் சுவர் சரிந்தது. என் பங்கைப் பிரித்துக் கொடுங்கள், ஒரே ஒரு அறை கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டாள். ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிற பெரிய தம்பி கண் கலங்கினான். "அப்பா வார்த்தைய மீறச் சொல்றியாக்கா? அந்த மண்ணுல ஒவ்வொரு பிடியிலயும் மூணு பேருக்கும் பங்கு இருக்கு. நீ எங்க தோண்டினாலும் எங்களத் தோண்டுற மாதிரி." மருந்துக்கடை வைத்திருந்த சின்னவன் கண்கூடக் கலங்கவில்லை. பொதுச்சொத்தை அக்கா தனியாக அனுபவிக்கிறாள் என்று வக்கீலை விட்டு நோட்டீஸ் அனுப்பினான். நிழல் பங்கு பிரிந்தது அதற்கு மறுநாள்தான். மனிதர்கள் பிரிக்க மாட்டோம் என்றதை மரம் பிரித்தது, அதுவும் வெயிலில் கிடந்தவளிடமிருந்து எடுத்து.

அவள் வழக்குப் போட்டாள். வாய்தாவிலேயே தலை நரைத்தது. மெஷினை நிழலில் போட்டால் அவள் வெயிலில், அவள் நிழலில் உட்கார்ந்தால் துணி வெயிலில். சாயம் வெளுத்துப்போகிறது என்று ஆட்கள் வருவது குறைந்தது. பிரிக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்ற தம்பிகள் இதற்குள் ஏதோ ஒன்றுமில்லாத பேச்சில் முறைத்துக்கொண்டு, ஒருவன் வாசலை ஒருவன் மிதிப்பதில்லை. அப்பா சொன்னதை அவர்கள் அவ்வளவு அழகாகக் காப்பாற்றினார்கள்.

பங்கு பிரிக்கக் கடைசியாக ஒரு தடவை கையெழுத்துக் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு கோடையில் பெரிய தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் இல்லை, எப்போது வருவான் என்றும் தெரியாது. தம்பி மனைவி நல்ல மாதிரி, முற்றத்தில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"இங்க உக்காருங்க அண்ணி. எங்க வீட்டு நிழல் மாதிரி வேற எங்கயும் கிடையாது."

தையல்காரி குனிந்து பார்த்தாள். காலையில் அவள் மாமரக் கிளையில் காயப்போட்டு வந்த பாவாடையின் நிழல், மூன்றில் ஒரு துண்டு, காலடியில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடித்தாள்.

"ஆமாம்மா, நல்ல நிழல்தான்" என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் பாவாடையை எடுக்க வேண்டும் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.