அந்த ‘ஹப்’ யாருடையது?

1

அயர்லாந்தின் லிமெரிக் நகரில் ஒரு சனிக்கிழமை மதியம், இசைவிழாக் கூடாரத்தில் எழுந்த ஒரு கத்தலிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உப்புக் கழுதைகள் இசைக்குழுவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை…’ வேண்டாம். இரங்கல் கூட்டம் போலிருக்கிறது.

2

பதினோரு வருடம், மூன்று இசைத்தட்டு, வழியில் செத்துப்போன இரண்டு வேன். இதுதான் குழுவின் வரலாறு. அவர்களின் சத்தம் எப்படி உண்டாகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மேலே பழைய ஐரிஷ் நடன மெட்டு ஓடும். கீழே பங்க் ராக்கின் டிரம்மும் கித்தாரும் அதைத் துரத்தும். ஒரு மெட்டு ஒரு சுற்று வர முப்பது விநாடி. சில சுற்றுகளுக்குப் பிறகு, நிற்காமல், எல்லோரும் ஒன்றாக அடுத்த மெட்டுக்குத் தாவ வேண்டும். எத்தனை சுற்று என்று பேசிவைப்பதில்லை. டிரம் வாசிக்கும் கிரானியா ‘ஹப்!’ என்பாள், அந்தச் சுற்று முடிந்ததும் தாவல்.

(சிக்கல் என்னவென்றால், குஷி வந்தால் கூட்டமும் அதையேதான் கத்தும்.)

3

குழுவில் ஃபியக்ரா வாசிப்பது அக்கார்டியன், பொத்தான் வைத்த துருத்திப் பெட்டி. அத்தனை வருடமும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது மட்டும் பிடிபடாது. அதனால் கிரானியாவின் வாயைப் பார்த்தே தாவிக்கொண்டிருந்தான். போன மாதம் இரண்டு முறை தவறவிட்டான். அன்று மேடையேறும் முன் கிரானியா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“டேய், இன்னிக்கும் கோட்டை விட்டேன்னா, டப்ளின் கச்சேரிக்கு வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவேன். சத்தியமா.”

“போன தடவை நீ முனகுன. கழுதைக்குக்கூடக் கேட்டிருக்காது.”

“மத்த கழுதைங்க எல்லாம் தாவிடுச்சே! நீ மட்டும் ஏன்டா அங்கயே மேய்ஞ்சுட்டு நின்ன?”

(இங்கே அவனை உண்மையைச் சொல்லவைக்கப் பார்த்தேன். “கிரானியா, எனக்கு இடது…” மூன்று வரைவிலும் அதற்குமேல் அவன் பேசவில்லை.)

4

அன்று டிரம்மைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். கூடார வாசல் வழியே வெயில் நேராக அதில் அடித்தது. ஃபியக்ரா திரும்பிப் பார்த்தபோது கிரானியாவின் முகம் இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்.

இரண்டாம் சுற்றின் கடைசி எட்டுத் தாள அடிகள். அப்போது கூட்டத்தில் யாரோ…

யாரோ இல்லை. நான்தான். குஷி தாங்காமல், அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “ஹப்!”

ஃபியக்ராவின் ஒற்றைக் காதில் அது விழுந்தது. கிரானியாவா? கூட்டமா? அவள் கத்தியிருந்து இவன் தாவாவிட்டால் வேலை போகும். அவள் கத்தாமல் இவன் தாவினால், குழுவின் மற்ற ஆறு பேரின் மெட்டுக்கு எதிராக இவன் மட்டும் வேறொன்றை முழக்குவான். அப்போதும் வேலை போகும். ஐந்தாவது அடி. ஆறு. பக்கத்தில் பேன்ஜோ மீட்டுபவனின் விரலைப் பார்க்கிறான். அவன் முதுகைக் காட்டி ஆடிக்கொண்டிருக்கிறான். ஏழு.

எட்டு முடிந்ததும் ஃபியக்ராவின் விரல் ஏதாவது ஒரு பொத்தானில் இறங்கியே ஆக வேண்டும். பழைய மெட்டின் பொத்தானிலா, அடுத்த மெட்டின் பொத்தானிலா, எதில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அந்த விரலை நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள். அவன் வாசிப்பில் நான் ஒருமுறை குறுக்கே கத்தியது போதும்.