இருமாத இருபது பேர்

கம்ப்யூட்டர் திரையில் திறந்த பெட்டிக்குள் வயது இருந்தது, உயரம் இருந்தது, ஊதல் அளவு இருந்தது. பிரிவு மட்டும் இல்லை. காலை முழுக்கக் குனிந்திருந்து, ஆள் ஆளாகப் பார்த்துத் தட்டிய பிரிவு. அதை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, மென்பொருள் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. அஸ்வதி மேசையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"ஒடச்சிராத மக்கா. ஒங்கப்பா வாங்கித் தந்த கம்ப்யூட்டராக்கும்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

அவள் கணவன் சுனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் மயிலாடியில் கணபதியப்பனின் கல் பட்டறையில் அறுப்பு மெஷினைப் பிடித்துக்கொண்டு, தலை முதல் கால் வரை மாவில் புரட்டி எடுத்தது போல நிற்பான். விடுமுறை நாளில்கூட அந்த வெள்ளை அவன் புருவத்தை விட்டு முழுதாகப் போவதில்லை. இருமலும்தான். கேட்டால் "சளியாக்கும்" என்பான். மழைக்காலத்திலும் சளி, வெயில்காலத்திலும் சளி.

அந்தச் சளியைத்தான் அஸ்வதி தன் ஆய்வாக எடுத்திருந்தாள். நாகர்கோவிலில் நர்சிங் முதுகலை இரண்டாம் ஆண்டு. கூடப் படிப்பவர்கள் எண்களை மட்டும் சேகரித்துக் கணக்குப் போட்டுத் தரும் கடையில் கொடுத்துவிட்டு, அட்டவணையை வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். அவளால் அது முடியாது. தன் பேருக்குக் கீழே இருக்கிற எண் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆய்வு எளிமையானது. மூன்று பிரிவு ஆண்கள், பிரிவுக்கு இருபது பேர். கை உளியால் செதுக்குகிறவர்கள் ஒரு பிரிவு. மெஷின் பிடிக்கிறவர்கள் ஒரு பிரிவு. கல்லோடு சம்பந்தமே இல்லாத கடைக்காரர்கள் ஒரு பிரிவு. ஒவ்வொருவரும் ஒரு பிளாஸ்டிக் குழலில் ஊத வேண்டும். மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் விட்டால் குழலுக்குள் ஒரு சிவப்பு முள் ஓடிப்போய் நிற்கும். முள் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு பலம் அந்த மூச்சுக்கு.

பட்டறை முதலாளி கணபதியப்பன் அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "மெஷின்காரனுக்கு நெஞ்சு கெடுதுன்னு பேப்பர்ல காட்டு மக்கா. மெஷினுக்கெல்லாம் தண்ணி பைப்பு போடுகேன். முகமூடியும் வாங்கித் தாறேன். சும்மா வாயால சொன்னா எப்படி?" தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி பறக்காது, சேறாகிக் காலடியில் விழும். அந்த ஒரு பைப்புக்காகத்தான் அஸ்வதி இந்தப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

போனில் ஓடிய பாடக் காணொளியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அதில் பேசுகிறவன் பிரிவு என்ற பத்தியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களாக அடித்திருந்தான். அவளோ 'உளி', 'மெஷின்', 'கடை' என்று எழுத்தாக அடித்திருந்தாள். அவ்வளவுதான் விஷயம். இந்தக் கணக்குக்கான பெட்டி, எழுத்தாக இருப்பதை உள்ளேயே விடாது. விடமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லவும் சொல்லாது. பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் தூக்கிவிடும்.

"சொல்லித் தொலச்சா என்னவாம்?" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் எண்ணாக்கினாள். உளி ஒன்று, மெஷின் இரண்டு, கடை மூன்று. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று தனியாக ஓர் இடத்தில் குறித்துவிட்டால் போதும், விடை வரும்போது பெயரோடு வரும். திரும்பப் பெட்டியைத் திறந்தாள். பிரிவு சமர்த்தாக வந்து உட்கார்ந்திருந்தது. ஊதல் அளவை மேல் கட்டத்துக்குத் தள்ளினாள். பிரிவை 'ஃபேக்டர்' என்ற கீழ்க் கட்டத்துக்குத் தள்ளினாள். ஓகே.

ஒரு சின்ன அட்டவணை வந்தது.

அது என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியும், அதுதான் அவளுக்குப் பிடித்த பகுதி. சந்திப்பில் மூன்று டீக்கடைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடையில் சர்க்கரை கூடுதல்? கடைக்கு ஒரு டீ குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே கடைக்காரர் காலையில் பாயசமும் மாலையில் கசாயமுமாகப் போடுகிறவராக இருந்தால் என்ன செய்வது? ஆகவே ஒவ்வொரு கடைக்குள்ளேயும் ருசி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்றும் பார்க்க வேண்டும். நடுவே உள்ள வித்தியாசத்தை உள்ளே உள்ள ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் கிடைக்கிற எண்ணுக்குப் பெயர் எஃப். அது ஒன்றை ஒட்டியே நின்றால் கடைகளுக்குள் பெரிய பேதமில்லை. நன்றாக மேலே ஏறினால் ஏதோ ஒரு கடை நிஜமாகவே வேறு.

கடைசிக் கட்டத்தில் 'சிக்' என்று ஒன்று இருக்கும். உண்மையில் வேற்றுமையே இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய எஃப் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே என்றால் தற்செயலை நம்ப மாட்டார்கள்.

எஃப், ஒன்றரை. சிக், பாயிண்ட் இரண்டு இரண்டு ஒன்பது. நூற்றுக்கு இருபத்து மூன்று.

ஒன்றுமில்லை. மெஷினும் உளியும் கடையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டது.

எப்போது எழுந்து வந்தானோ, சுனில் அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். "என்ன சொல்லுது?"

"வித்தியாசம் தெரியலன்னு சொல்லுது."

அவன் வாய் விட்டுச் சிரித்தான். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? எல்லாவனுக்கும் இருமல் உண்டு ஏட்டி. டீச்சருக்கு இல்லியா, டிரைவருக்கு இல்லியா? ஒனக்க கம்ப்யூட்டருக்கே வெளங்கிட்டு, ஒனக்குத்தான் வெளங்கல." சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டுப் போனை எடுத்தான். "அண்ணாச்சிக்குச் சொல்லிருகேன். பாவம், பைப்பு போடணுமோன்னு பயந்துட்டு கெடக்காரு."

"இப்பம் சொல்லாதிய."

அவன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, ரிசல்ட் வந்தாச்சு. ஒண்ணும் இல்ல கேட்டியளா... ஆமா, சும்மா தூசியாக்கும்."

அஸ்வதிக்குக் காது இரண்டும் எரிந்தன. அவன் இருமின இருமல் இன்னும் அறைக்குள்ளேயே இருந்தது, அதற்குள் ஒன்றுமில்லை என்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபம், கணபதியப்பன்மேல் கோபம், பாயிண்ட் இரண்டு இரண்டு ஒன்பதின்மேல் கோபம். பாடக் காணொளியை வெறியோடு ஓடவிட்டாள். அதில் பேசுகிறவன், ஓகே தட்டுவதற்கு முன்னால் 'ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தைத் திறந்து இரண்டு இடங்களில் டிக் போட்டான். அவசரத்தில் அவள் விட்டுவிட்டிருந்தாள். ஒன்று, பிரிவுவாரியாகச் சராசரியும் சிதறலும். இன்னொன்று, மூன்று பிரிவும் ஒரே அளவுக்குச் சிதறியிருக்கிறதா என்ற சோதனை.

இந்தச் சோதனை ஏன் வேண்டும்? மூன்று பிரிவின் உள்சிதறலையும் ஒன்றாகக் கலந்துதான் மென்பொருள் அந்த வகுத்தலைச் செய்கிறது. ஒரு பிரிவு நெல்லை வாரி இறைத்தது போலவும் இன்னொன்று குவித்து வைத்தது போலவும் இருந்தால், கலந்து வருகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது. டிக் போட்டாள். ஓகே.

சோதனை வரிசையில் சிக், பாயிண்ட் பூச்சியம் பூச்சியம் பூச்சியம். மூன்று பிரிவும் ஒரே மாதிரி சிதறவில்லை, சந்தேகத்துக்கே இடமில்லை.

மேலே பார்த்தாள். உளிக்காரர்களின் சராசரி நானூற்று எழுபத்தொன்று, திட்ட விலக்கம் அறுபத்திரண்டு. அதாவது ஆளுக்கு ஆள் சராசரியில் இருந்து அறுபது போல முன்னே பின்னே போகிறார்கள். மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள். குட்டை, நெட்டை, பீடிக்காரர், கபடிக்காரர். கடைக்காரர்களுக்கு ஐம்பத்தெட்டு. சரி.

மெஷின்காரர்களுக்குச் சராசரி நானூற்று எண்பது. விலக்கம் பதினேழு.

பதினேழு. இருபது ஆண்களை ஒரே அச்சில் வார்த்து எடுத்தது போல.

மெஷின்காரர்களை ஊத வைத்த நாளை அவள் நினைத்துப் பார்த்தாள். பட்டறைக்குள் சிமெண்டு மூட்டைக்கருகில் அவள் குழலோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்று ஆள் அனுப்பியது சுனில். "நீ ஒக்காரு மக்கா, நான் ஒவ்வொருத்தனா விடுகேன்" என்று எவ்வளவு பிரியமாகச் சொன்னான். யார் வந்தாலும் வரிசையாக விடச் சொல்லியிருந்தாள். மளமளவென்று வந்தார்கள். எல்லாம் இளவட்டம். இப்போதுதான் உறைத்தது. உளிக்காரர்களிலும் கடைக்காரர்களிலும் பலர் ஊதி முடித்ததும் இருமினார்கள். அவ்வளவு பலமாக ஊதினால் நல்ல நெஞ்சுக்கே இருமல் வரும். ஆனால் கல்தூசிக்குள் இருந்து வந்த இருபது பேரில் ஒருவன்கூட இருமவில்லை.

"தாணுலிங்கம் அண்ணன் அன்னைக்கு எங்க?" என்று கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தத் தாணுலிங்கம்?"

"ஒங்களுக்குப் பக்கத்து மெஷின்ல நிக்குத தாணுலிங்கம்."

"அவன் டீ குடிக்கப் போயிருப்பான்."

"யேசுரத்தினம்?"

"அவனும்தான்."

"இருமுதவனெல்லாம் சேந்து ஒரே டீக்கடையிலயா கெடந்தானுவ?"

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "நீங்க ஊதுனியளா அத்தான்?"

"நான் ஒனக்க மாப்ளயில்லா. என்னையச் சேத்தா ஆளுவ கொறை சொல்லுவாவ."

"அப்படியா. தாணுலிங்கமும் எனக்க மாப்ளையா?"

"ஏட்டி, வாய அடக்கு!"

"அடக்க மாட்டேன். ஒரு நாள் பூரா அந்தத் தூசிக்குள்ள இருந்து ஊதுங்க ஊதுங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். நீங்க வாசல்ல நின்னு மாம்பழக் கடையில பொறுக்குத மாதிரி நல்லதாப் பொறுக்கி அனுப்பிருக்கிய. இப்பம் ஒண்ணும் இல்லன்னு சிரிக்கவும் செய்யிய!"

சுனிலின் முகம் சிவந்தது. "பின்ன என்ன செய்யச் சொல்லுக? நெஞ்சு போச்சுன்னு பேப்பர்ல வந்தா அண்ணாச்சி மொதல்ல பைப்பா போடுவாரு? ஆள நிறுத்துவாரு. தாணுலிங்கம் வேற எந்த வேலைக்குப் போவான்?"

"பேரு எழுதலன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வெறும் நம்பராக்கும்."

"மயிலாடியில நம்பரச் சொன்னா ஆளு தெரியாதா?"

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. "தாணுலிங்கத்துக்காகச் செஞ்சியளா, ஒங்களுக்காகச் செஞ்சியளா?"

அவள் திரும்பி, அந்தக் கோப்பை வேறு பெயரில் சேமித்தாள். அழிக்கவில்லை, தப்பாக எடுத்ததையும் வைத்திருக்க வேண்டும். பெயர் கேட்ட கட்டத்தில் 'சுனில் பொறுக்கியது' என்று அடித்தாள். பின்னாலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

"பொறுக்கின்னு எழுதுகியா?"

"பொறுக்கியதுன்னு எழுதுகேன். எப்படி வேணும்னாலும் வாசிச்சுக்கிடுங்க."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு உடனே இருமலாகி, இருமல் நிற்காமல் அவனைக் குனிய வைத்தது. அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரவில்லை. பையைத் திறந்து குழலை எடுத்தாள், புது வாய்ப்பகுதியை மாட்டினாள், சிவப்பு முள்ளைப் பூச்சியத்துக்கு இழுத்து வைத்தாள். அவன் நிமிர்ந்ததும் நீட்டினாள்.

"எதுக்கு?"

"ஊதுங்க."

அவன் வாங்கிக்கொண்டான். மற்றவர்களுக்கு அவள் சொல்லிக் கேட்டிருந்ததால் எப்படி என்று தெரியும். மூச்சை இழுத்தான், இழுக்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ கிறீச்சிட்டது. ஊதினான். முள் கிளம்பிய வேகத்தில் நின்றது. திரும்பவும் ஊதச் சொன்னாள். மறுபடியும் ஒரு தடவை. மூன்றில் நல்லதைத்தான் எடுப்பது வழக்கம்.

"முந்நூத்திப் பத்து" என்று அவனே வாசித்தான். "அன்னைக்கு வந்தவனுவளுக்கு எவ்வளவு?"

"நானூத்தி எம்பது."

அவன் குழலை மேசையில் வைத்தான், உடைந்துவிடும் என்று பயந்தது போல மெதுவாக. பிறகு, "எனக்கத அதுல சேத்துப் போடு. ரிசல்ட் மாறும்லா" என்றான்.

"மாறாது. மாறினாலும் போட மாட்டேன். நீங்க நல்லவன மட்டும் பொறுக்கினிய, நான் கெட்டவன மட்டும் பொறுக்கிச் சேத்தா ரெண்டும் ஒரே திருட்டுதான். பட்டறையில மெஷின் பிடிக்குத அத்தன பேரும் வேணும். இருமுதவன், இருமாதவன், எல்லாரும். நாளைக்கு வாசல்ல நான் நிப்பேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அது முடிஞ்சு நீங்க என்கூட நாகர்கோவிலுக்கு வந்து எக்ஸ்ரே எடுக்கிய. அதுக்கு வாய் பேசக் கூடாது."

அவன் போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, சுனிலாக்கும். மொதல்ல சொன்னேம்லா, அது சரியில்ல... கம்ப்யூட்டர் தப்பு இல்ல. ஆளத் தப்பா அனுப்புனது... நான்தான்." அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, அறை முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதில் இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். "சத்தம் போடுங்க அண்ணாச்சி, கேட்டுக்கிடுகேன். ஆனா நாளைக்கு எல்லாரும் திரும்ப ஊதணும். தாணுலிங்கத்தையும் யேசுரத்தினத்தையும் நானே கூட்டிட்டு வாறேன். ஒருத்தனையும் நிறுத்த மாட்டேன்னு நீங்க மொதல்ல சொல்லணும். சொன்னாத்தான் ஊதுவோம்... ஆமா, ஊதுவோம்னுதான் சொன்னேன். நானும் உண்டும்."

அவன் போனை வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுகேங்காரு" என்றான். "நாளைக்கு நான் எங்க நிக்கணும்?"

அஸ்வதி புதிய கோப்பில் உளிக்காரர்களையும் கடைக்காரர்களையும் மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் மெஷின்காரர்களின் இரண்டாம் எண்ணுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அவளுக்குக் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை.

"வரிசையில" என்றாள் திரும்பாமலேயே. "மொத ஆளா."