இரண்டாம் வருஷப் பாடம்

இரண்டாம் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம், பரீட்சையில் கேள்வியாகக்கூட வருமாம்... இதைச் சொல்லும்போது மனுஷன் பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார், நனைந்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்கிற கவலைதான் முகத்தில் இருந்ததே தவிர வேறு ஒரு கவலையும் இல்லை, அடப் பாவி மனுஷா, உன் கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கக் கூடாதா என்று செம்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வேதமுத்து மனதுக்குள் கேட்டான், கேட்டவுடனேயே போதகரைப் போய் இப்படிப் பேசிவிட்டோமே என்று பழக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான், பிறகு அந்தப் பழக்கத்தின் மேலேயே எரிச்சல் வந்தது. குர்லாப் பக்கம் போகிற வண்டி வந்து நின்றது, ஜனம் இறங்கியது, ஏறியது, இவன் எழுந்திருக்கவில்லை. குர்லாவில் மாறி சயானில் இறங்கி நடந்தால் தாராவி, வீடு, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போன பெண்சாதி பாக்கியம் இந்நேரம் திரும்பி அடுப்பு மூட்டியிருப்பாள்... அவள் முகத்தில் எப்படி முழிப்பது? இல்லை, அவள்தானே என் முகத்தில் முழிக்க வெட்கப்பட வேண்டும், இத்தனை வருஷம் வெட்கப்படாமல் காலையில் காப்பி கொடுத்துக்கொண்டுதானே இருந்தாள்.

எல்லாம் அந்த வெங்கடராமனால் வந்தது. ஆபீஸில் பக்கத்து மேஜை, மாதுங்காக்காரர், டிபன் டப்பாவைத் திறக்கும்போதே ஏதாவது ஒரு வம்பையும் சேர்த்துத் திறப்பார், அவர் மேல் கோபப்படவும் முடியாது, தன் ஊறுகாயில் பாதியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "ஓய் வேதமுத்து, உம்ம சுவாமி சிலுவையில சாகவே இல்லையாம், தப்பிச்சுக் காஷ்மீருக்கு வந்துட்டாராம், தெரியுமோ?" ஒரு நாள் காஷ்மீர், ஒரு நாள் திபெத்து, ஒரு நாள் கிறிஸ்மஸ் என்பதே ரோமாபுரியில் சூரியனுக்குக் கொண்டாடின பண்டிகை, இன்னொரு நாள் இயேசு என்று ஒரு ஆளே கிடையாது, எல்லாம் பின்னால் வந்த பவுல் போட்ட கடை... அவரை மடக்குவதற்காகத்தான் வேதமுத்து படிக்க ஆரம்பித்தான், நடைபாதைக் கடையில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள், லைப்ரரியில் தலையணை கனத்தில் புத்தகங்கள், பாக்கியத்துக்குத் தெரியாமல் பரணில் தகரப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்பான், ஒளித்து வைக்கத் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்கிற நினைப்பு. காஷ்மீர்க் கதை சீக்கிரமே படுத்துவிட்டது, ஆதாரம் எங்கே என்று கையை வைத்தால் ஒன்றுமில்லை, திபெத்தும் அப்படித்தான், வெங்கடராமனே சந்தோஷமாக ஒப்புக்கொண்டு அடுத்ததை எடுத்தார். ஆனால் சாக்கடல் குகைச் சமாச்சாரம் அப்படி உதறிவிடக் கூடியதாக இல்லை. பாலைவனத்தில் ஒரு கூட்டம், இயேசு பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருந்தது, ஞானஸ்நானம் போல முழுக்கு உண்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு உண்டு, நாமெல்லாம் வெளிச்சத்தின் பிள்ளைகள், வெளியே இருப்பவன் இருட்டு என்கிற பேச்சு உண்டு, அவர்கள் ஜாடியில் போட்டு வைத்த சுருள்கள் இங்கே சுதந்திரம் வந்த சமயத்தில்தான் ஆட்டுக்காரர்கள் கையில் கிடைத்தன, நம் சபைகளின் வேரும் அந்தப் பக்கம்தான் ஓடுகிறதோ என்று படித்தவர்களில் சிலர் கேட்கிறார்கள்... படிக்கப் படிக்கப் பயம், அந்தப் பயத்திலேயே ஒரு ருசி. ஞாயிற்றுக்கிழமை வாய் கீர்த்தனை பாடும், மனசு குகைக்குள் இருக்கும். வெளியே மூச்சு விட முடியுமா? அதிலும் போதகர் ஆசீர்வாதம் ஐயாவுக்குத் தெரிந்தால் மனுஷன் நொறுங்கிப்போவாரே, வாழ்நாள் முழுக்கப் பிரசங்கம் பண்ணிவிட்டு இப்போதுதான் ரிட்டயராகிச் செம்பூரில் மகன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார், அவர் விசுவாசத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று இவன் அவரைப் பாதுகாத்தான். பாதுகாத்தானாம். இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது.

போன வாரம் கிடைத்த பத்திரிகையோடு அந்த விளையாட்டெல்லாம் முடிந்தது. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதின கடிதத்தில் ஒரு பகுதி பவுலுடையது இல்லை என்று பல பண்டிதர்கள் நினைக்கிறார்கள், நடை வேறு, வார்த்தைகள் வேறு, அந்தக் குகைக் கூட்டத்தின் பேச்சுச் சாயல்கூட இருக்கிறது, யாரோ பின்னால் நடுவில் சொருகியிருக்கலாம், அப்படியில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு என்று எழுதியிருந்தது. எந்தப் பகுதி என்று பார்த்ததும், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவன் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டான். விசுவாசம் இல்லாதவனோடு பிணைந்து போகாதே, அவர்களை விட்டுப் பிரிந்து வா என்கிற அந்தப் பகுதி. வேறு எதுவாகவாவது இருந்திருக்கக் கூடாதா... அதை வைத்துத்தானே ஏஞ்சலை உறவே வேண்டாமென்று வெட்டிவிட்டார்கள். ஏஞ்சலம்மாள், கூடப் பிறந்த ஒரே தங்கை, அப்பா இல்லாத வீட்டில் இவன் தோளில் ஏறி வளர்ந்தவள், லேத் பட்டறையில் வேலை பார்த்த கணேசபாண்டியனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நல்ல பையன்தான், பீடிகூடக் கிடையாது, ஆனால் திருநீறு பூசுகிறவன், மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆசீர்வாதம் ஐயா அந்தப் பகுதியை எடுத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணினார், இது மனுஷன் எழுதினது இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தேவன் வாயிலிருந்து வந்தது என்று மேஜையைத் தட்டினார், தட்டிவிட்டு இவனைப் பார்த்தார், அண்ணன்காரன் நீ என்ன சொல்லப்போகிறாய் என்கிற பார்வை. வேதமுத்து எழுந்து சபை முன்னால் சொன்னான், இனி அவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை. சொல்லும்போது குரல் தானாகக் கனத்து வந்தது, அது பரிசுத்த ஆவியின் வேலை என்று நினைத்துக்கொண்டான். போன வாரம் வேதத்தை எடுத்து அந்தப் பகுதியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு படித்துப் பார்த்தான். மேலே, உங்கள் மனசை அகலமாக்குங்கள் என்று கெஞ்சிக்கொண்டு வருகிறார் பவுல், கீழே, எங்களுக்கு அதில் இடம் கொடுங்கள் என்கிறார், இரண்டும் ஒரே மூச்சாக ஓடுகிறது, கையை எடுத்தால்தான் நடுவில் கதவு சாத்துகிறது. அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான், கையை வைத்து, எடுத்து, வைத்து.

இதை ஐயாவிடம் கேட்டே தீர்வது என்று இன்றைக்குச் சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் வண்டி ஏறினான். வழி முழுக்க ஒத்திகை, அவர் உடைந்து அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தான், எப்பேர்ப்பட்ட மடையன். போதகரின் மனைவி, சபையில் எல்லாரும் ஐயரம்மா என்றுதான் சொல்வார்கள், டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு உள்ளே போனார். இவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். "அதுவா?" என்றார் ஆசீர்வாதம் ஐயா, "அது ஒண்ணும் புதுசு இல்லடே. செமினரியில போதகருக்குப் படிக்கும்போது ரெண்டாம் வருஷமே சொல்லித் தந்திருவாங்க. சொருகினதுன்னு ஒரு கட்சி, இல்லன்னு ஒரு கட்சி. நான் சொருகினதுன்னுதான் எழுதுனேன், நல்ல மார்க்கு." அப்படியென்றால் அன்றைக்கு மேஜையைத் தட்டினது? "ஜனங்ககிட்ட போய் இதெல்லாம் சொல்ல முடியுமா, நீயே சொல்லு. ஒண்ணு இல்லன்னா எல்லாமே இல்லம்பான்." அதோடு நிறுத்தியிருக்கலாம், இவன் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் அடுத்ததைச் சொன்னார், இரக்கந்தான், அதில் சந்தேகமில்லை. "இப்ப எதுக்கு வருத்தப்படுத? ஏஞ்சல் நல்லாத்தான் இருக்கா. இங்கதான், ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ரேஷன் கடைக்குப் பின்னால இருக்க சால்ல, அந்த ஒத்த அறை வரிசை வீட்டுல. மாசம் ஒருதரம் நான் போய் ஜெபம் பண்ணிட்டு வாரேன். மீன் கொழம்பு உங்க அம்மை கைப்பக்குவம் அப்படியே இருக்கு." அம்மாவுடைய பேச்சு வந்ததும் வேதமுத்து, அம்மா அவளைப் பார்க்காமலே போய்விட்டாளே ஐயா என்றான், வாய் தானாகச் சொல்லிற்று. ஐயா டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்தாளே. நான்தானே ஏஞ்சலக் கூட்டிட்டு வந்தேன். நீ ஆபீஸ் போன பொறவு வருவா, நீ வாரதுக்கு முன்ன போயிருவா. பாக்கியந்தான் கதவு தெறப்பா... ஏன், அவ உங்கிட்ட இன்னும் சொல்லலியா?"

அம்மா பார்த்துவிட்டாள். அது நல்லதுதானே, எந்த மகனும் கேட்டு ஆறுதல்பட வேண்டிய செய்திதானே, அப்படியானால் நெஞ்சில் இந்தக் காந்தல் எதற்கு... படுக்கையில் விழுந்த புதிதில் அம்மா ஓயாமல் கேட்பாள், ஏஞ்சலை ஒருதரம் கூட்டிட்டு வாலே என்று, இவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுவான், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள், முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது, கஞ்சியைத் தட்டாமல் குடித்தாள். அதைத்தானே இவன் அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொன்னான், எங்கள் அம்மா கடைசியில் பெற்ற பாசத்தையும் ஜெயித்து வசனத்துக்குக் கீழ்ப்படிந்தாள், மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் சமாதானமாகப் போனாள் என்று, அழுதுகொண்டே சொன்னான், நெடுநேரம் சொன்னான். முன் வரிசையில் ஐயரம்மா, பெண்கள் பக்கம் பாக்கியம், மேலே ஆசீர்வாதம் ஐயா, எல்லாருக்கும் தெரியும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும் தெரிந்துதானே இருக்கும், தாராவியில் ஒருத்தி சந்துக்குள் நுழைந்தால் எத்தனை கண் பார்க்கும், அவர்களும் சபையில் இருந்தார்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடித்ததும் ஐயா ஆமென் என்றார், சபை மொத்தமும் ஆமென் என்றது, பாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், எதற்குத் துடைத்தாள்? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின குகைக்குள் எல்லாம் நுழைந்து பார்த்தவனுக்குத் தன் வீட்டுக் கதவு பகலில் யாருக்குத் திறந்தது என்று தெரியவில்லை. சொருகினவன் எவனோ, அவனைக்கூட மன்னித்துவிடலாம், செத்துப்போனவன். மேஜை தட்டினவரே நம்பாத ஒன்றை, கேட்டவர்களும் நம்பாத ஒன்றை, நம்பினது இந்த ஒரு முட்டாள்தான், அவனை நடுவில் நட்டுவைத்துவிட்டு எல்லாரும் அவனைச் சுற்றிக்கொண்டு மீன் குழம்பு சாப்பிடப் போயிருக்கிறார்கள். எனக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராட்டிக்காரக் கிழவர் பார்த்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்னொரு வண்டி. இதிலும் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டால் பாக்கியம் என்ன சொல்வாள், சொல்லியிருந்தா விட்டிருப்பியளா என்பாள், அவ்வளவுதான் சொல்வாள், சத்தம்கூடப் போட மாட்டாள். விட்டிருப்பேன், ஏன் விட மாட்டேன்? இது பவுல் எழுதினது இல்லை என்று அன்றைக்கே ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே போய் ஏஞ்சலைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்... வந்திருப்பேனா? எழுந்து படியேறி மேம்பாலத்தில் நடந்துகொண்டே கேட்டுக்கொண்டான், வந்திருப்பேன் என்று உடனே ஒரு பதில் வந்தது, அதற்குப் பின்னால், கூப்பிடாமலே, வேறு இரண்டு வசனங்கள் வந்து நின்றன, பழைய ஏற்பாட்டிலிருந்து ஒன்று, இன்னொன்று வேறொரு கடிதத்திலிருந்து, அதிகாரம் எண்ணோடு, தங்கையை வெட்டுகிற அதே காரியத்துக்கு அவையும் ஆகும். கணேசபாண்டியன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு இவன் முன்னால் சமமாக நாற்காலியில் உட்கார்ந்தானே, அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? அதற்கும் வேதத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இல்லை, ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் இறங்கினான், கால் வீட்டுப் பக்கம் போகாமல் ரேஷன் கடையை விசாரித்துக்கொண்டு போயிற்று. கடைக்கு வெளியே அரிசிக்காகப் பெண்கள் பையோடு நின்றார்கள், எந்த முகத்தைப் பார்த்தாலும் ஏஞ்சல் முகமோ என்று பட்டது, அவள் இப்போது எப்படி இருப்பாள் என்றே தெரியாது, பிள்ளைகள் உண்டா, எத்தனை, ஐயாவிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

கடைசிக்கு முந்தின அறை என்றாள் குழாயடியில் நின்ற ஒருத்தி. கதவு திறந்துதான் இருந்தது, பழைய சேலையில் தைத்த திரை. உள்ளே சிரிப்புச் சத்தம். ஒன்று ஏஞ்சலுடையது, மூச்சு வாங்கி வாங்கிச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. இன்னொன்றை அடையாளம் கண்டுகொள்ள இவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, பாக்கியம் இப்படிச் சிரித்து இவன் கேட்டதில்லை. சயானில் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போனாளே... மாதம் தவறாத ஜெபக்கூட்டம். கோபம் தலைக்கு ஏறியது, நல்லதாகப் போயிற்று, இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக்கொண்டே கேட்டுவிடலாம், நான் உங்களுக்கு என்ன துரோகம் செய்தேன் என்று கேட்டுவிடலாம் என்று திரையை விலக்கினான். சிரிப்பு அறுந்தது. தரையில் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள், ஏஞ்சலுக்குக் காதோரம் நரைத்திருந்தது, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமலே இருவரும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள், ஜெபத்துக்கு நிற்கும்போது போடுவார்களே, அப்படி. ஏஞ்சல் ஒரு அடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டினாள், அது கோபம் இல்லை, பயம், இவனுக்கா இவ்வளவு பயம், தோளில் ஏறினவளுக்கா? சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரி ஏட்டி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தான், சத்தியமாக அதற்குத்தான் திறந்தான். "தோத்திரம்" என்று சபையில் சொல்கிற வணக்கம்தான் வந்தது, சபை முன்னால் எழுந்து நின்று பேசுகிற கனத்த குரலில் வந்தது, அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பது அவனுக்கு அப்போதுதான் கேட்டது.