பதினாலு பல் போதும்

பல் டாக்டர் வீட்டில் ஒரு லாரி இருந்தது. நீளம் ஒன்றரை முழம். முரட்டுச் சக்கரங்கள், மேடு பள்ளம் பார்க்காத ஓட்டம், ரிமோட்டை அமுக்கினால் ஊரையே கூட்டும் எரிபொருள் இன்ஜின். கீழ்த்தளத்தில் கிளினிக், மாடியில் வீடு, நடுவில் இருந்த முற்றத்தில் லாரி. டாக்டருக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் தேவைப்படவில்லை.

அவர் மனைவிக்கு ஒன்று தேவைப்பட்டது. அமைதி.

அவள் கதைகளைப் படித்து ஒலிப்புத்தகமாகப் பதிவு செய்பவள். படுக்கையறைச் சுவரில் மெத்தைகளை நிமிர்த்திச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, மைக்கின் முன்னால் உட்காருவாள். போன வாரம் கதாநாயகி கண்ணீரோடு, "உங்கள் மூச்சுச் சத்தம்கூட எனக்குப் போதும்" என்று சொன்ன இடத்தில், முற்றத்திலிருந்து 'ட்ர்ர்ர்ர்' என்று பதில் வந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இறங்கி வந்தாள்.

"இந்த வீட்ல இனி எது சத்தம் போடுதோ, அது வெளிய போகணும். அவ்ளோதான்."

"பேட்டரிக்கு மாத்திடறேன்மா. மோட்டார் போட்டா பூனை மாதிரி ஓடும்."

"ஞாயித்துக்கிழமை கடைசி அத்தியாயம் படிக்கிறேன். அப்ப ஓட்டிக் காட்டுங்க. பதிவுல விழலைன்னா வெச்சுக்கலாம். விழுந்துச்சுன்னா என் தம்பிக்குக் கொடுத்துடுவேன். அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

தம்பி அப்போது அங்கேதான் இருந்தான். செல்போன் பழுது பார்க்கிறவன். கையில் அளவு டேப். லாரியின் நீள அகலத்தை அளந்து கொண்டிருந்தான்.

"எதுக்கு மச்சான் அளக்கறே?" என்றார் டாக்டர்.

"சும்மா அத்தான். பேட்டரி பொட்டிக்கு இடம் இருக்கான்னு பார்த்தேன்."

உண்மையில் தன் வீட்டு அலமாரித் தட்டில் லாரி அடங்குமா என்று பார்த்தான்.

ஆனாலும் மின்சார விஷயம் தெரிந்தவன் என்று டாக்டர் அவனிடமே யோசனை கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மச்சான் செல்போனில் ஒரு கடையின் பட்டியலைத் திறந்து, இருப்பதிலேயே அதிவேகமாகச் சுற்றும் மோட்டாரைக் காட்டினான். அது பந்தயத்தில் ஓடும் சின்னக் காருக்கானது, ஓடினால் விசில் அடிக்கும். அதன் பக்கத்திலேயே கனமான வண்டிக்கென்று குண்டாக ஒரு மோட்டார் இருந்தது. சுற்று குறைவு, இழுவை அதிகம்.

"குண்டு மோட்டார் எதுக்கு அத்தான்? உங்க வயசுக்குப் பொருத்தமா இருக்கேன்னு பார்க்கிறீங்களா?"

டாக்டருக்கு ரோஷம் வந்தது. ஆனால் ரோஷத்தைவிட மனைவியின் குரல் பெரிதாகக் காதில் கேட்டது. குண்டு மோட்டாரையே ஆர்டர் செய்தார். அதற்கேற்ற பேட்டரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி, இன்ஜின் இருந்த இடத்தில் மோட்டாரைப் பொருத்தத் தகடு என்று எல்லாம் முடிவாயிற்று. மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம் மட்டும் பாக்கி. கடைக்காரர் விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

கூப்பிட்டார். டாக்டர் அப்போது ஒரு வங்கி மேலாளரின் வாய்க்குள் இருந்தார். ஆஜானுபாகுவான மனிதர், சின்னச் சொத்தை. ஊசி போட்டாகிவிட்டது, வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய். கையில் கையுறை இருந்ததால் டாக்டர் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"டாக்டர் சார், பதினெட்டு பல் வேணுமா, பதினாலு போதுமா?"

"பதினெட்டு வெச்சா என்னாகும்?"

"சூடாகிப் புகைஞ்சிடும் சார். பாடி வேற பெருசு. அந்த எடைக்குப் பதினாலுதான் தாங்கும்."

வங்கி மேலாளர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.

"சரி, பதினாலே போதும். இரும்புதானே?"

"நல்ல எஃகு சார். பக்கவாட்டுல ஸ்க்ரூ இருக்கு, முறுக்கி இறுக்கிடுங்க."

"பழசையெல்லாம் என்ன பண்றது?"

"மொத்தமா கழட்டிடுங்க. வரலைன்னா சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்க, தானா வந்துடும். எதுக்கும் கீழ ஒரு தட்டு வெச்சுக்கோங்க, எண்ணெய் ஒழுகும்."

டாக்டர் போனிலிருந்து திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. எச்சில் குழாய் மட்டும் காற்றை உறிஞ்சிக்கொண்டு ஆடியது. கழுத்தில் நீலத் துண்டு பறக்க, வங்கி மேலாளர் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், சொத்தையை அடைக்கலையே!" என்று டாக்டர் கத்தியது அவரை இன்னும் வேகமாக ஓட வைத்தது.

பாகங்கள் வந்தன. இன்ஜினும் டாங்கும் புகைக்குழாயும் கழன்றன. சனிக்கிழமை மாலை மச்சான் உதவிக்கு வந்து உட்கார்ந்தான்.

"மோட்டாரைப் பெரிய பல்சக்கரத்தோட நல்லா அழுத்திப் பிடிச்சு முடுக்குங்க அத்தான். இல்லேன்னா நழுவும்."

அழுத்திப் பிடித்து முடுக்கினார்.

ஞாயிறு காலை. மச்சான் டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றோடு முற்றத்துக்கு வந்தான். டாக்டர் ரிமோட்டை அமுக்கினார். தகரத்தை ஆணியால் கீறியதுபோல் லாரி வீறிட்டது. பழைய இன்ஜினே தாலாட்டு என்று தோன்றியது.

மாடி ஜன்னலில் கம்பளி விலகியது. "பத்து நிமிஷத்துல படிக்க ஆரம்பிச்சுடுவேன்" என்றாள் மனைவி. கம்பளி மூடிக்கொண்டது.

"விடுங்க அத்தான்" என்று மச்சான் பெட்டியைத் திறந்து வைத்தான். "எங்க வீட்ல நான் இதை நல்லபடியா பார்த்துக்குவேன்."

டாக்டர் லாரியைத் தூக்கி மடியில் கவிழ்த்தார். சின்னச் சக்கரத்தின் பற்கள் பெரிய சக்கரத்தின் பற்களில் இடைவெளியே இல்லாமல் புதைந்திருந்தன. இந்த வாயை அவர் தினமும் பார்க்கிறவர். அடைத்த பல் ஒரு துளி உயர்ந்துவிட்டால் நோயாளி இப்படித்தான் அலறுவார்!

கிளினிக்குக்குள் ஓடி, கடி சரிபார்க்கும் நீலக் காகிதத்தை எடுத்து வந்தார். பற்களுக்கு நடுவே விட்டுச் சக்கரத்தைத் திருப்பினார். காகிதம் கந்தலாகி வந்தது.

"வாயைக் கொஞ்சம் திறங்க" என்றார் லாரியிடம். மோட்டார் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினார். புதுக் காகிதம் வைத்தார். "ம்... மெதுவா கடிங்க. அவ்ளோ அழுத்தம் வேண்டாம். அப்படியே இருங்க." ஸ்க்ரூக்களை முடுக்கினார். "இப்ப இடது பக்கம், வலது பக்கம் ஆட்டுங்க." சக்கரத்தைத் திருப்பினார். காகிதம் கிழியாமல், அழகாக மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்தது. "போதும், துப்பிடுங்க."

"அத்தான், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் மச்சான்.

மாடியில் கடைசி அத்தியாயம் தொடங்கிவிட்டது. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினார்.

லாரி நகர்ந்தது. தரையில் ரப்பர் உருளும் ஓசைகூட இல்லை. தொட்டியைச் சுற்றி, செங்கல் மேட்டில் ஏறி இறங்கி, தூண் பின்னால் மறைந்தது. மச்சான் அது எங்கே போயிற்றென்று தெரியாமல், ஜன்னலையே பார்த்தபடி பின்னால் ஓரடி வைத்தான்.

லாரி அவன் குதிகாலை முட்டியது.

"ஐயோ அம்மா! பாம்பு!"

அப்படியே பின்னால் சாய்ந்து அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்தான். பெட்டி வெடித்ததுபோல் சத்தம் எழுப்பியது.

மாடிப்படியில் செருப்பு இறங்கியது. மனைவி ஹெட்ஃபோனோடு வந்து நின்றாள்.

"நாயகன் கதவைத் தட்டுறான். 'யாரது?'ன்னு நாயகி கேட்கிறா. 'ஐயோ அம்மா பாம்பு'ன்னு பதில் வருது. லாரி எப்ப ஓடுச்சு?"

"இப்ப ஓடிட்டுதான் இருக்கு" என்றார் டாக்டர். லாரி அவள் காலடியில் வந்து பணிவாக நின்றது.

அவள் குனிந்து பார்த்தாள். காதைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு பெட்டிக்குள் இருந்த தம்பியைப் பார்த்தாள்.

"எது சத்தம் போடுதோ அது வெளிய போகணும்னு சொன்னேன் இல்ல?"

"அக்கா, நான் உன் கூடப் பிறந்தவன்க்கா!"

"சாயங்காலம் வா. போகும்போது பெட்டியையும் எடுத்துக்க. அதுவும் சத்தம் போடுது."