கதவு நிற்கிற வண்டி

கரட்டூரில் மூன்று இரவுக்கு மேல் வெளியே தங்குகிறவர்கள் தலைவாசல் கதவை நிலையோடு பெயர்த்துக் கையோடு கொண்டுபோக வேண்டும். பெரும்பாலோர் மூன்றாம் நாளே திரும்பிவிடுவார்கள். கல்யாணம் காட்சிக்கு அது போதும். அதற்கு மேல் போகிறவர்கள் பஸ் கூரையில் கதவை ஏற்றுவார்கள். விட்டுப்போகிற வீட்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. கதவே போன பிறகு உள்ளே போக வழி ஏது?

செங்கோடனுக்கு பஸ் சரிப்படாது. அவர் போக நினைத்த இடங்களில் பஸ் நிற்காது. கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். ஒரு கரட்டுக் குன்றில் பத்து நாள், ஒரு ஏரிக்கரையில் பத்து நாள் என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் கடல். மின்வாரியத்தில் முப்பத்துநாலு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்தவர் அவர். அடுத்தவன் கதவைத் தட்டித் தட்டியே விரல் கணு தடித்துப்போயிருந்தது. அவர் மனைவி வேலாத்தாள் கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான வருஷம், காட்டுகிறேன் என்று இவர்தான் சொன்னார். அவள் அதை மறக்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது முடித்திருக்கலாம்.

கூடாரம் வாங்கியாயிற்று. ஸ்டவ், கயிறு, தார்ப்பாய் எல்லாம் வாங்கியாயிற்று. மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு எழுபது முடிகிறது. எழுபது முடிந்தவர் வீட்டுக்கு நகராட்சிக் கொத்தனார் வந்து நிலையைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடுவார். அப்புறம் கதவு திறக்கும், மூடும். பெயராது. ஆளும் நாலாவது இரவு எங்கும் தங்க முடியாது. கடலுக்குப் போக மூன்று நாள், வர மூன்று நாள் ஆகும்.

அன்று செவ்வாய்க்கிழமை.

தங்கமுத்துவின் பழைய வண்டிக் கடைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் கதவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். வேலாத்தாள் கையில் ஒரு சொம்பு மோர் இருந்தது.

"எத்தன அடிங்ணா?" என்றார் தங்கமுத்து.

"நிலையோட ஆறேமுக்கால்."

"படுக்க வெச்சுக் கட்டிக்கலாமுங்களே."

"படுத்தா அது பலகை."

தங்கமுத்து தலையாட்டினார். தெரிந்துதான் கேட்டார். கேட்டு வைப்பது வியாபாரம். கதவு என்றால் நிற்க வேண்டும். முன்னால் ஓட்டுகிறவர், நடுவில் கதவு, பின்னால் வேலாத்தாள். அப்படி நிற்க வைத்தால் அவள் வீட்டுக்கு உள்ளே இருப்பவளா, வெளியே இருப்பவளா என்று ஒரு பேச்சு வந்தது.

"தாப்பாள் எம்பக்கம் இருக்குது. நான் உள்ளதான்," என்றாள் வேலாத்தாள்.

"அப்ப நானு?"

"நீங்க என்னைக்கு உள்ள இருந்தீங்க."

முதல் வண்டி சிவப்பு. நூற்று நாற்பதில் போகும் என்றார் தங்கமுத்து. பின்சீட்டு பூனை முதுகு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. கதவு செங்கோடனின் முதுகின் மேல் சாய்ந்தது. கடைவீதி திரும்புவதற்குள் காற்று பிடித்துக்கொண்டது. கதவு படீரென்று திறந்து அவர் பிடரியில் அடித்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தித் தட்டினார்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

"நாந்தான்."

"மோரு போச்சுங்க."

வண்டியைத் திருப்பினார்.

இரண்டாவது வண்டி மலையேறுகிறவர்கள் வாங்குவது. இரண்டு பக்கமும் பெட்டி, உயரமான சக்கரம், பெரிய டாங்க். கதவு அதில் அம்சமாக நின்றது. கொலுவில் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள் வேலாத்தாள். மோர் பாதிதான் சிந்தியது. செங்கோடனுக்கு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சந்தைப்பேட்டை அருகே மூன்றாம் வீட்டுக் கந்தப்பன் சைக்கிளில் கூடவே வந்து கதவைத் தட்டினார். கரட்டூரில் கதவைத் தட்டினால் திறந்தாக வேண்டும். செங்கோடன் வண்டியை நிறுத்தினார். கால் தரையை எட்டவில்லை. வண்டி, கதவு, வேலாத்தாள், மோர் எல்லாம் அந்த வரிசையிலேயே சாய்ந்தன.

படுத்திருந்த கதவு எழுந்து நிற்கும்வரை கந்தப்பன் காத்திருந்தார். பிறகு இன்னொரு தடவை தட்டினார். வேலாத்தாள் முழங்கையைத் தடவிக்கொண்டே தாழ்ப்பாளை எடுத்தாள்.

"பொண்ணுக்குக் கல்யாணமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம. ரெண்டு பேரும் வந்துருங்க," என்று பத்திரிகையை நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம இருக்கமாட்டோம்," என்றார் செங்கோடன்.

விழுந்து எழுந்த வண்டியைக் கந்தப்பன் பார்த்தார். "இருப்பீங்க. பந்தியில ரெண்டு எல சேத்தே சொல்லியிருக்கறன்," என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

செங்கோடனுக்கு அந்தச் சொல் சோற்றில் கல் மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் கதவை வீட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். மறுநாள் காலையில் மறுபடி பெயர்த்தார்.

புதன்கிழமை ஐந்து வண்டி பார்த்தார். ஒன்றில் கதவு கிறீச்சிட்டது. ஒன்றில் வேலாத்தாளின் காலில் சூடு பட்டது. ஒன்று கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் ஏறினால் கதவு கக்கூஸ் கதவு மாதிரி தெரிகிறது என்று அவள் இறங்கிக்கொண்டாள். மற்ற இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தங்கமுத்து இனி காட்ட வண்டி இல்லை என்று கையை விரித்தார்.

"அந்தச் சாக்குக்குக் கீழ என்ன?" என்றார் செங்கோடன்.

"அது வேண்டாமுங்ணா."

"என்னன்னு கேட்டேன்."

"கேஸ் சிலிண்டர் போட்டுட்டிருந்தவரு வண்டி. அது ஓடாதுங்ணா. இழுக்கும்."

"எத இழுக்கும்?"

"எதக் கட்டுனாலும் இழுக்கும். ஆனா நாப்பதத் தாண்டாது. எனக்கே அத விக்கக் கூச்சமா இருக்குது."

சாக்கை எடுத்தார்கள். வண்டிக்கு நிறம் இல்லை. பின்னால் இரும்புச் சட்டம் ஒன்று பற்றவைத்திருந்தது. கதவு அதில் போய் உட்கார்ந்தது, அளவெடுத்த மாதிரி. செங்கோடன் ஏறினார். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்தன. நாலாவது உதையில் புகைவிட்டுக் கிளம்பியது. கடைவீதி, சந்தைப்பேட்டை, ரயில்வே கேட் எல்லாம் சுற்றிவிட்டு வந்து கதவைத் தட்டினார்.

"யாரு?"

"மீட்டர் பாக்க வந்திருக்கேன்."

கதவு திறந்தது. சொம்பில் விளிம்புவரை மோர் இருந்தது. அவள் அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்தாள். வண்டி முடிவாயிற்று.

வியாழக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். நாற்பதைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்று யாருக்கும் அவசரம் இல்லை. வழியில் நாலு இடத்தில் ஆட்கள் கதவைத் தட்டி வழி கேட்டார்கள். வேலாத்தாள் திறந்து வழி சொன்னாள். மத்தியானம் தொட்டிக்கரட்டின் அடிவாரத்தை அடைந்தார்கள். கரடு சின்னதுதான். மொட்டைப் பாறையும் உச்சியில் கொஞ்சம் புல்லும். மண் பொதபொதவென்று இருந்தது. ஸ்டாண்டு புதைந்தது. வண்டியைப் பாறையோடு ஒட்டி நிறுத்தினார். கதவின் நிலை பாறையில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் கூடாரம் அடித்தார்கள். அன்றைக்கு ரசம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. வேலாத்தாள் சுற்றிப்போய்ப் பின்சீட்டில் ஏறித் தாழ்ப்பாளை எடுத்தாள். நகராட்சிக் கொத்தனார் ராக்கியப்பன் நின்றார். தோளில் அரை மூட்டை சிமெண்ட், கையில் சட்டியும் கரணையும்.

"பதினாலாம் நம்பர் கதவுங்களா?"

"ஆமாங்க. உள்ள வாங்க," என்றாள்.

செங்கோடன் கூடாரத்திலிருந்து வந்தார். "வீடு கரட்டூருல இருக்குது. செவுரும் அங்கதான். இங்க எதுலய்யா பூசுவ?"

"அங்கயுந்தான் போய்ப் பாத்தனுங்க. செவுருதான் இருந்துச்சு, கதவக் காணோம். நம்பரு கதவுலதான இருக்குது." ராக்கியப்பன் நிலையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். கீழே வண்டியின் இரும்புச் சட்டம். வலப்பக்கம் பாறை. "நெலை எதத் தொட்டுட்டு நிக்குதோ, அதுதானுங்க செவுரு. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"வண்டியத் தள்ளி நிறுத்திக்கறேன். அப்புறம் பூசு."

"எழுவது முடிஞ்சாச்சுங்களே. இனிமே தள்ளக் கூடாதுங்க."

செங்கோடன் ஒதுங்கி வழி விட்டார். முப்பத்துநாலு வருஷம் அரசாங்க வேலை பார்த்தவர். புத்தகத்தில் இருந்தால் இருக்கிறதுதான். வேலாத்தாள் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ராக்கியப்பன் நன்றாகவே பூசினார். சட்டத்தோடு ஒரு வரி, பாறையோடு ஒரு வரி. ஓரத்தைக் கரணையால் இழுத்து வழவழவென்று ஆக்கினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். திறந்தது, மூடியது. பெயரவில்லை.

"மூணு நாளைக்குத் தண்ணி ஊத்துங்க. செவுருல ஆணி கீணி அடிச்சராதீங்க," என்று கரட்டைக் காட்டிச் சொல்லிவிட்டு, ரசத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மூன்று நாளும் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் அவர், சாயங்காலம் அவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊற்றிக்கொண்டே, "கந்தப்பன் ஊட்டுல இந்நேரம் பந்தி முடிஞ்சிருக்கும்," என்றாள் வேலாத்தாள். கடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊற்றி முடித்ததும் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கோடன் அதைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் கூடாரத்தைச் சுருட்டினார். ஸ்டவ்வைக் கட்டினார்.

"ஏறு," என்றார்.

அவள் ஏறித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. முதல் கியரில் போட்டுக் கைப்பிடியை முறுக்கினார். புகை வந்தது. பின்சக்கரம் ஒரு சாண் பள்ளம் பறித்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினார். இழுக்கும் என்றுதான் தங்கமுத்து சொல்லியிருந்தார். ஓடும் என்று சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியபடியே இருந்தார். வண்டி நகர்ந்தது.

சாலைக்கு வந்ததும் கிழக்கே திருப்பினார். பின்பாரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. புளியமரத்தடியில் நிறுத்திக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நாந்தான். பின்னால எல்லாம் சரியா இருக்குதா?"

கதவு திறந்தது. வேலாத்தாள் கரட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வருதுங்க. கடலுக்கு எத்தன நாளாகும்?"

"மொதல் கியருல பதினோரு நாள்."

"மெதுவாவே போங்க. உச்சியில ஆடு மேயுது."

அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் அவர் வண்டியை எடுத்தார். பதினோரு நாளும் கியர் மாற்றவில்லை.