மூன்றாவது மேடு

திரையில் தெரிந்த வரைபடத்தில் இரண்டு மேடுகள்தான் இருந்திருக்க வேண்டும். மூன்று இருந்தன. முதல் மேடு டிஎன்ஏவை இன்னும் நகலெடுக்காத செல்கள், இரண்டாவது ஒரு முறை எடுத்து முடித்தவை. மூன்றாவது, மறுபடியும் எடுத்தவை. நான் வேண்டுமென்றே மரபணுவைக் கெடுத்து வைத்த ஈஸ்டில் அது வந்தால் எனக்குக் கொண்டாட்டம். வந்ததோ ஒப்பிடுவதற்காக வளர்த்த நல்ல ஈஸ்டில்.

நகலெடுப்பு ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் தொடங்கும். ஒவ்வோர் இடத்திலும் அனுமதி தரும் புரதங்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும். வேலை ஆரம்பித்ததும் அந்த அனுமதி ரத்து. செல் பிரிந்தால்தான் அடுத்த அனுமதி. அந்த ரத்தைக் கெடுத்தால் செல் எடுத்ததையே திரும்ப எடுத்துச் சீரழியும் என்று காட்டத்தான் நான்கு வருடமாக மல்லுக்கட்டுகிறேன். நல்ல செல்லும் அதையே செய்கிறது என்றால் நான் காட்டியது ஒன்றுமே இல்லை. ஆய்வுக் கட்டுரையோ இன்று நான்கு மணிக்குள் இதழுக்குப் போக வேண்டும்.

செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவற்றின் டிஎன்ஏவை அளக்கும் இந்தக் கருவியை இயக்கும் தோழிக்கு நாங்கள் வைத்த பெயர் ஜட்ஜம்மா. அவள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

"ஏன்டி பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"நாலு வருஷமும் தண்ணில போச்சுடி."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இத சோனிகேட்டர்ல வச்சியா?"

ஒட்டிக்கிடக்கும் செல்களை ஒலி அதிர்வால் பிரித்துவிடும் சின்ன இயந்திரம் அது. காலையில் கெடுத்த ஈஸ்ட் குழாய்களை எல்லாம் ஒழுங்காக வைத்து எடுத்தேன். நல்ல ஈஸ்டின் முறை வந்தபோது என் ஆய்வு வழிகாட்டி மேடம் கூப்பிட்டார், ஓடினேன். திரும்பி வந்து நேராகக் கருவியில் ஏற்றிவிட்டேன்.

"இல்ல. வைக்கல."

"ரெண்டு செல்லு கட்டிப்புடிச்சுக்கிட்டு போனா என் மெஷினுக்கு அது ஒரே ஆளு. ரெண்டு பேரு டிஎன்ஏவையும் ஒருத்தன் தலைலதான் கட்டும். கொண்டா இங்க."

பதினைந்து நொடி அதிர்வு. மறுபடி ஏற்றினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து மேடு எழும்ப எழும்ப நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. அதற்கப்பால் வெறும் தரை.

அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

"போ, போய் மூஞ்சி கழுவு. கட்டுரைய அனுப்பணும்ல," என்றாள் ஜட்ஜம்மா.

நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடம். முகம் கழுவப் போகவில்லை. குடுவையில் வளர்ந்துகொண்டிருந்த நல்ல ஈஸ்டில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஓரத்தில் தனியாக ஒரு செல், அதன் பக்கவாட்டில் அப்போதுதான் மகள் செல்லாகப் போகும் ஒரு சின்ன மொட்டு புடைத்திருந்தது. உள்ளே நகலெடுப்பு தொடங்கியிருக்கும், ஒரே ஒரு முறை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.